டிராக்ஸ்டர் 5.51: இரண்டு டிக் தள்ளி நின்ற உலக சாதனை

டிவியோடு இணைத்து ஆடும் அட்டாரி 2600 கன்சோலில் டிராக்ஸ்டர் என்று ஒரு கார் ஆட்டம் உண்டு. ஆறேழு வினாடியில் முடிந்துவிடும். வளைவு கிடையாது, எதிரே வண்டி வராது. இடது ஓரத்தில் நிற்கும் கார் வலது ஓரத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தை 5.51 வினாடியில் முடித்ததாக டாட் ராஜர்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரில் 1982-ல் ஒரு நேரம் பதிவானது. 2018 ஜனவரி 29 வரை அதுதான் உலக சாதனை. மிக நீண்ட காலம் யாரும் முறியடிக்காத வீடியோ கேம் சாதனை என்று கின்னஸும் அதை ஏற்றிருந்தது.

யாரும் முறியடிக்காததற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தில் 5.51 கிடைக்கவே கிடைக்காது. எவ்வளவு கைதேர்ந்தவர் ஆடினாலும், எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் 5.57-க்குக் கீழே போக வழியில்லை.

இதை ஒரு மனிதரின் வீழ்ச்சியாகப் பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு இரண்டு கேள்விகள். ஆட்டம் முழுவதும் ஒரு கார்ட்ரிட்ஜுக்குள், கன்சோலில் செருகும் சின்னப் பெட்டிக்குள், இருந்தது, அந்தக் கார்ட்ரிட்ஜ் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இருந்தது. அப்படியிருந்தும் 35 ஆண்டுகள் அதனிடமே போய்க் கேட்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? கேட்டபோது அது எப்படிப் பதில் சொன்னது? இந்த ஆய்வு இந்த இரண்டையும் பற்றியது.

ஆட்டமும் அதன் கடிகாரமும்

ஆக்டிவிஷன் 1979-ல் தொடங்கியது. அட்டாரியில் ஆட்டங்கள் எழுதிக்கொண்டிருந்த டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான் ஆகிய நால்வரும் தங்கள் உழைப்புக்குப் பெயரும் பங்கும் கிடைக்கவில்லை என்று வெளியே வந்தார்கள். ஜிம் லெவியோடு சேர்ந்து தனிக் கம்பெனி ஆரம்பித்தார்கள். கன்சோல் செய்கிறவரேதான் ஆட்டமும் செய்வார் என்ற அன்றைய வழக்கம் அதோடு உடைந்தது. 1980-ல் வந்த அவர்களுடைய முதல் நான்கு கார்ட்ரிட்ஜ்களில் ஒன்று டிராக்ஸ்டர். எழுதியவர் கிரேன்.

ஆட்டத்தின் மொத்த அளவு 2 கிலோபைட், அதாவது 2,048 பைட். இன்று யூனிகோடின் வழக்கமான UTF-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டை எழுதி வைக்கவே 3 பைட் ஆகிறது. இந்தக் கட்டுரையின் முதல் மூன்று பத்திகளை அப்படியே சேமித்தால் டிராக்ஸ்டர் முழுவதையும்விடப் பெரிதாகிவிடும். கன்சோலின் நினைவகம் 128 பைட்தான். இந்தச் சின்ன அளவை மறந்துவிடாதீர்கள், பின்னால் வழக்கு முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

திரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்திருக்கும், ஆளுக்கு ஒரு பாதை. பட்டன் ஆக்ஸிலரேட்டர். ஜாய்ஸ்டிக்கை இடதுபக்கம் இழுத்துப் பிடித்தால் கிளட்ச் அழுத்தியதாகக் கணக்கு, விட்டால் அடுத்த கியர் விழும். கியர் மொத்தம் நான்கு. தொடக்கத்தில் திரையில் எண் இறங்கிக்கொண்டே வரும். அதற்குள் கிளட்சைப் பிடித்தபடி பட்டனைத் தட்டித் தட்டி எஞ்சினை உறுமவைக்க வேண்டும். எண் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் கிளட்சை விட வேண்டும். ஒரு கணம் முந்தினால் ‘எர்லி’ என்று எழுத்து வந்து ஓட்டம் செல்லாமல் போகும். எஞ்சின் வேகம் எல்லை தாண்டினால் ‘ப்ளோன்’, எஞ்சின் வெடித்துவிட்டது என்று பொருள். கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

பழைய கன்சோலைக் கணினியில் நகலெடுத்து ஓட்டும் எமுலேட்டரில் முதல்முறை உட்கார்ந்தபோது நான் நினைத்தது, பட்டனை விடாமல் அழுத்தினால் போதும் என்றுதான். இரண்டாவது கியருக்குப் போவதற்கு முன்பே எஞ்சின் போய்விட்டது. ஒரு மணி நேரம் ஆடிய பிறகுதான் கைக்குப் பிடிபட்டது: எஞ்சின் வேகத்தைக் காட்டும் பட்டையை வெடிக்கும் எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்திவைக்கத் தெரிய வேண்டும். அதற்கு விரல் விட்டு விட்டு அழுத்த வேண்டும், ஒவ்வொரு கியருக்கும் தாளம் மாறும். கியர் மாற்ற ஜாய்ஸ்டிக்கை இழுத்து விடும் அந்தச் சின்ன இடைவெளியிலும் பட்டனை என்ன செய்கிறோம் என்பது நேரத்தைக் கூட்டும், குறைக்கும். ஆறு வினாடி ஆட்டம்தான், ஆனால் ஆறு வினாடியும் கை சும்மா இருக்காது.

இனி கடிகாரம். டிவித் திரை வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. டிராக்ஸ்டர் இரண்டு கார்களையும் மாறி மாறிக் கணக்குப் பார்க்கிறது, ஒரு ஃபிரேமில் இது, அடுத்த ஃபிரேமில் அது. அதனால் ஒரு காருக்கு இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் நேரம் நகரும். ஒவ்வொரு நகர்வும் சுமார் 0.0334 வினாடி. இதை டிக் என்று சொல்லிக்கொள்வோம். கடைசியில் இரண்டு தசம இடத்தோடு எண் திரையில் வரும்.

இதனால் எல்லா எண்ணும் திரையில் வர முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 168 டிக் என்றால் 5.6112, திரையில் 5.61. 167 டிக் என்றால் 5.5778, திரையில் 5.57. 166 டிக் 5.54, 165 டிக் 5.51. நடுவில் 5.55 என்றோ 5.60 என்றோ ஒரு நேரம் வரவே வராது. அந்த வகையில் 5.51 சரியான எண்தான், கடிகாரம் காட்டக்கூடிய எண்தான். பார்த்தவுடன் தவறு என்று தள்ளிவிட முடியாதபடி, உண்மையான எல்லைக்குச் சரியாக இரண்டு டிக் கீழே அது உட்கார்ந்திருந்தது.

ஒருவர் சொன்னார் என்று இன்னொருவர்

1980-களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆட்டத்தில் குறிப்பிட்ட இலக்கை எட்டினால் டிவித் திரையைப் புகைப்படம் எடுத்து அனுப்பலாம், கம்பெனி துணியில் தைத்த ஒரு பேட்ச் அனுப்பிவைக்கும். டிராக்ஸ்டரில் இலக்கு ஆறு வினாடிக்குக் கீழே. எட்டியவர் வேர்ல்டு கிளாஸ் டிராக்ஸ்டர் கிளப்பில் உறுப்பினர். சிறந்த நேரங்கள் கம்பெனியின் செய்திமடலில் அச்சாகும். தனியாக வீட்டில் ஆடும் ஒரு பையனுக்கு, தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று அந்தச் செய்திமடல்தான் சொன்னது. போட்டி ஆட்டம் என்ற கலாச்சாரம் வளர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ஏற்பாடு பேட்ச் கொடுப்பதற்காக அமைந்தது. உலக சாதனையைத் தாங்கும் அளவுக்கு அது கட்டப்படவில்லை. வளைந்த டிவித் திரையைப் போலராய்டு கேமராவில் எடுத்த படம் கடைசி எண்ணை மட்டும் காட்டும். அந்த எண் எப்படி வந்தது, கை என்ன செய்தது, யாருடைய கை, எதுவும் அதில் இருக்காது.

ராஜர்ஸின் 5.51 இந்த வழியில்தான் உள்ளே வந்தது. அதோடு ஒரு கதையும் வந்தது, ராஜர்ஸ் பேட்டிகளில் சொன்னது. படம் கிடைத்ததும் ஆக்டிவிஷனிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்களாம். தாங்களே கணினியில் பிழையில்லாத ஓட்டம் ஒன்றை எழுதிப் பார்த்தும் 5.54-க்குக் கீழே வரவில்லையே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்களாம். இரண்டாவது கியரிலேயே கிளம்பினேன் என்பது அவர் தந்த விளக்கம்.

நான் அதிகமாக யோசித்தது இந்த இடத்தைப் பற்றித்தான். ஆட்டத்தை எழுதியவர்களே முடியாது என்று சொன்ன ஒரு நேரம் வருகிறது. சந்தேகம் அங்கேயே தொடங்கியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். எழுதியவரையே மிஞ்சிய ஆட்டக்காரர் என்று அதுவே அவருடைய புகழாகிவிட்டது. கேள்வியாக வந்த வாக்கியம் சான்றிதழாக மாறி, அடுத்த முப்பது ஆண்டுகள் அப்படியே சுற்றியது.

அப்புறம் ட்வின் கேலக்ஸீஸ். அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா என்ற ஊரில் வால்டர் டே 1981-ல் திறந்த ஆர்கேடு, காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடம், அது. ஆர்கேடுகளின் ஸ்கோர்களைத் திரட்டி வைக்கும் இடமாக வளர்ந்து, கடைசியில் உலகச் சாதனைப் பட்டியல் என்றாலே அவர்கள்தான் என்று ஆனது. டிராக்ஸ்டர் நேரம் 2001-ல் அவர்கள் பட்டியலில் ஏறியது. பிறகு கின்னஸ் ட்வின் கேலக்ஸீஸை நம்பி ஏற்றியது. பத்திரிகைகள் கின்னஸை நம்பி எழுதின. ஒவ்வொரு கையும் முந்தைய கையைக் காட்டியது. முதல் கையில் இருந்தது ஒரு போலராய்டு. பின்னாளில் சர்ச்சை வந்தபோது மேசைமேல் எடுத்து வைக்க அந்தப் படமும் இல்லை, செய்திமடலில் அச்சான வரிதான் மிச்சம்.

இதில் யாரும் சோம்பேறியாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. அன்று கார்ட்ரிட்ஜைத் திறந்து நிரலைப் படிப்பது சிலரால் மட்டுமே முடிந்த வேலை. ஆனால் 1990-களின் பிற்பகுதியிலிருந்து எமுலேட்டர்கள் எல்லோர் கணினிக்கும் வந்துவிட்டன, நிரலைப் பிரித்துக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. அதற்குள் அந்த எண்ணுக்கு வயதாகிவிட்டது. வயதான எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. இத்தனை பேர் பார்த்திருப்பார்களே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம். பார்த்தவர்தான் இல்லை.

ஸ்ப்ரெட்ஷீட்

2017-ல் எரிக் கோசியல் அதைப் பார்த்தார். ஆட்டங்களை எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்று போட்டிபோடும் ஸ்பீட்ரன் உலகத்தில் ஆம்னிகேமர் என்ற பெயரில் அறியப்பட்டவர். ஸ்பீட்ரன்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஒரு ஆட்டத்தை வேகமாக முடிக்க வேண்டுமென்றால், முதலில் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வார்கள். எந்த ஃபிரேமில் எந்த எண் மாறுகிறது, எங்கே ஒரு துளி வேகம் மிச்சமாகிறது என்று நோண்டுவார்கள். கோசியலும் அப்படித்தான் போனார். குறைந்தபட்ச நேரம் எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி.

அவர் ஆட்டத்தின் நிரலைப் பிரித்தெடுத்துப் படித்தார். 2,048 பைட் என்பதால் முழுவதையும் படிக்க முடியும், ஒரு வரிகூட மிச்சமில்லாமல். பிறகு அந்த விதிகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினார். ஒவ்வொரு வரிசையும் ஒரு டிக். பட்டன் அழுத்தியிருக்கிறதா, ஜாய்ஸ்டிக் இடப்பக்கம் இருக்கிறதா, எஞ்சின் வேகம் எவ்வளவு, எந்த கியர், காரின் வேகம், கடந்த தூரம். ஒரு வரிசையில் பட்டனை மாற்றினால் கீழே உள்ள எல்லா வரிசையும் மாறும். கார்ட்ரிட்ஜுக்குள் நடப்பதை அப்படியே தாளில் விரித்துப் போட்ட மாதிரி.

இதன் அழகு என்னவென்றால், டிராக்ஸ்டரில் ஆட்டக்காரர் சொல்லக்கூடியது மிகக் குறைவு. ஒரு டிக்கில் பட்டன் உண்டு அல்லது இல்லை, ஜாய்ஸ்டிக் இடது அல்லது நடு. நான்கே நிலைதான். மற்ற எல்லாவற்றையும் ஆட்டமே முடிவு செய்கிறது. இன்றைய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு இதுதான் எல்லை என்று சொல்லவே முடியாது, அத்தனை கிளைகள் அதில் இருக்கும். டிராக்ஸ்டரில் சொல்ல முடியும். எஞ்சின் வேகத்துக்கு மேல்வரம்பு உண்டு, தாண்டினால் வெடிக்கும். கியருக்கு வரம்பு உண்டு. ஆகவே எந்த டிக்கில் அதிகபட்சம் எவ்வளவு தூரம் வந்திருக்க முடியும் என்பதற்கும் வரம்பு உண்டு.

அந்தக் கணக்கில் வந்த விடை 5.57. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஆக்டிவிஷன் சொன்னதாகக் கதையில் வரும் 5.54 கூட இல்லை. ராஜர்ஸ் சொன்ன இரண்டாவது கியர் விளக்கமும் அதைக் காப்பாற்றவில்லை. எப்படிக் கிளம்பினாலும், எந்த கியரை எப்போது போட்டாலும், கார் 165-வது டிக்கில் கோட்டைத் தொடாது.

கணக்கு ஒன்று சொல்கிறது, இயந்திரம் வேறு சொன்னால்? நியாயமான சந்தேகம்தான். எமுலேட்டரில் ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, சரியான டிக்கில் சரியான பட்டனை ஊட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 5.57 வந்தது. எமுலேட்டரும் நகல்தானே என்று அடுத்த கேள்வி வந்தது. பழைய கன்சோல்களைப் பிரித்து வேறு வடிவில் கட்டுவதில் பெயர் பெற்ற பென் ஹெக்கெண்டார்ன், உண்மையான அட்டாரியில் ஜாய்ஸ்டிக் இருக்கும் இடத்தில் ஒரு கருவியை இணைத்தார். கோசியலின் பட்டன் வரிசையை அது தானாக அழுத்தியது. மனிதக் கை இல்லை, தவறு இல்லை, தடுமாற்றம் இல்லை. அந்தப் பழைய இயந்திரமும் 5.57 என்றே சொன்னது.

எனக்கு இந்த விசாரணையில் மிகவும் பிடித்தது இதுதான். கோசியல் தன்னை நம்பச் சொல்லவில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டை எல்லோருக்கும் திறந்து வைத்தார். இதில் ஓட்டை இருந்தால் காட்டுங்கள், 5.54 கொண்டுவரும் ஒரு பட்டன் வரிசை இருந்தால் போட்டுப் பாருங்கள் என்பதுதான் அதன் பொருள். பலர் முயன்றார்கள். யாராலும் 5.57-க்குக் கீழே போக முடியவில்லை. எதிராளியே உட்கார்ந்து சரிபார்க்கக்கூடிய வடிவத்தில் வாதத்தை வைத்ததுதான் அவருடைய பலம்.

தீர்ப்பு

ட்வின் கேலக்ஸீஸில் இந்தச் சர்ச்சை பல மாதம் நடந்தது. ராஜர்ஸுக்கு ஆதரவாகவும் பேச்சு இருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மனிதரின் பெயரை அழிப்பதா என்ற தயக்கம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ராஜர்ஸ் ஆடுவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், நல்ல ஆட்டக்காரர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

டிராக்ஸ்டரைத் தோண்டியபோது அவர் பெயரில் இருந்த மற்ற ஸ்கோர்களும் வெளிச்சத்துக்கு வந்தன. பார்ன்ஸ்டார்மிங் என்ற விமான ஆட்டத்தில் அவருக்கு ஒரு சாதனை நேரம் இருந்தது. தடைகளையெல்லாம் நீக்கிய ஒரு பதிப்பைச் செய்து, வெறும் வானத்தில் நேராகப் பறந்து பார்த்தார்கள். அப்போதும் அந்த நேரம் வரவில்லை. வேபிட் என்ற ஆட்டத்தில் புள்ளி ஐந்தைந்தாகத்தான் ஏறும். அவர் பெயரில் இருந்த ஸ்கோர் 8-ல் முடிந்தது. சென்டிபீடின் வீட்டுக் கன்சோல் பதிப்பு ஒன்றில் அவருடையது ஆறரைக் கோடி, அடுத்த இடத்தில் இருந்தவருடையது 60 ஆயிரத்துக்கும் கீழே.

2018 ஜனவரி 29-ல் ட்வின் கேலக்ஸீஸ் அவருடைய எல்லா ஸ்கோர்களையும் நீக்கியது, இனிப் பங்கேற்கவும் தடை விதித்தது. கின்னஸும் தன் சாதனைகளைத் திரும்பப் பெற்றது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோசியலின் கணக்கு 5.51 என்ற எண் கார்ட்ரிட்ஜிலிருந்து வர முடியாது என்று நிறுவியது. அந்த எண் செய்திமடலுக்கு எப்படி வந்தது என்பது வேறு விஷயம், மனித மனத்தைப் பற்றியது, அதற்கு ஸ்ப்ரெட்ஷீட் கிடையாது. பட்டியலை நடத்துகிறவருக்கு முதல் கேள்வியின் பதிலே போதும். ஒரு எண்ணை நீக்க, அதன் பின்னாலிருக்கும் மனிதரை அளக்க வேண்டிய அவசியம் இல்லை. பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால்தான் விவாதம் அத்தனை கசப்பாகப் போனது.

சாத்தியமில்லை, சாத்தியம் குறைவு

இதே மாதிரி என்று பலர் மைன்கிராஃப்ட் என்ற ஆட்டத்தின் விவகாரத்தைச் சொல்வார்கள். அது வேறு மாதிரி. 2020-ல் டிரீம் என்ற புகழ்பெற்ற யூடியூபர் சமர்ப்பித்த ஸ்பீட்ரன்களில் அதிர்ஷ்டம் அளவுக்கு மீறிக் கைகொடுத்தது. பிக்லின் என்ற பாத்திரங்களோடு செய்த 262 பரிமாற்றங்களில் 42 முறை எண்டர் முத்து என்ற தேவையான பொருள் கிடைத்தது, சராசரிப்படி 12 அல்லது 13 முறைதான் வர வேண்டும். பிளேஸ் என்ற 305 எதிரிகளைக் கொன்றதில் 211 முறை அவசியமான தடி விழுந்தது, சராசரிப்படி பாதிதான். சரிபார்ப்புக் குழுவினர் கணக்கிட்டுச் சொன்ன வாய்ப்பு 7.5 லட்சம் கோடியில் ஒன்று. ஓட்டம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதம், ஆட்டத்தை மாற்றும் ஒரு மோட் அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்று டிரீமே ஒப்புக்கொண்டார்.

அந்த வழக்கில் கடைசிவரை ஒரு சன்னல் திறந்திருந்தது. லட்சம் கோடியில் ஒன்று என்றாலும் ஒன்று இருக்கிறதே என்று வாதாடலாம், புள்ளிவிவரத்தை எப்படிக் கையாண்டீர்கள் என்று கேட்கலாம். கேட்டார்கள், மாதக்கணக்கில். டிராக்ஸ்டரில் அந்தச் சன்னல் இல்லை. அங்கே அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. வாய்ப்பு குறைவு என்று யாரும் சொல்லவில்லை, வழியே இல்லை என்று சொன்னார்கள். பெரிய, சிக்கலான ஆட்டங்களில் நிகழ்தகவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 2 கிலோபைட் ஆட்டம் என்பதால் இங்கே அந்த இடத்தில் நிச்சயம் கிடைத்தது. சிறியதாக இருப்பதன் பலன்.

இன்று ஸ்பீட்ரன் பட்டியல்கள் பெரும்பாலானவை முன்னணி நேரத்துக்கு முழு வீடியோ கேட்கின்றன. சில ஆட்டங்களில் கை தெரிய வேண்டும், சிலவற்றில் பட்டன் அழுத்துவது திரையோரத்தில் தெரிய வேண்டும். டிராக்ஸ்டர் ஒன்றால்தான் இவையெல்லாம் வந்தன என்று சொன்னால் மிகை. ஆனால் பழைய ஸ்கோர்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம் என்ற துணிச்சலுக்கு அது காரணம். தீர்ப்பு வந்த அடுத்த மாதமே இன்னொரு பிரபல ஆட்டக்காரரான பில்லி மிட்செல் டாங்கி காங் என்ற ஆர்கேடு ஆட்டத்தில் எடுத்த ஸ்கோர்கள்மேல் சர்ச்சை எழுந்து, ஏப்ரலில் அவையும் நீக்கப்பட்டன. அது நீதிமன்றம்வரை போய், 2024 ஜனவரியில் சமரசத்தில் முடிந்து, வரலாற்றுப் பட்டியலில் அவை திரும்ப இடம்பெற்றன. அங்கே வாதம் வீடியோவில் தெரிந்த காட்சிமாற்றங்களைச் சுற்றி நடந்தது. அந்த ஸ்கோர்கள் ஆட்டத்தில் சாத்தியமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை, ஆகவே அதை இதோடு சேர்க்கமாட்டேன்.

5.57 எடுத்தவர்கள்

இந்த நிகழ்வில் இழந்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் ராஜர்ஸ் என்பார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 5.57-ஐ நோக்கி ஆடியவர்கள்.

யோசித்துப் பாருங்கள். 167 டிக்கிலும் ஒரு தவறும் செய்யாமல், பூஜ்யம் விழும் கணத்தில் கிளட்சை விட்டு, நான்கு கியரிலும் எஞ்சினை வெடிக்கும் ஓரத்தில் பிடித்து, ஒருவர் 5.57 எடுக்கிறார். இந்த ஆட்டம் ஒரு மனிதருக்குத் தரக்கூடிய மிகச் சிறந்த எண் அது. அதற்கு மேல் செய்ய ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் அந்த 35 ஆண்டுகளில் யார் அதை எடுத்திருந்தாலும், பட்டியல் அவரிடம் சொல்லியிருக்கும்: நீ இரண்டாவது. இன்னும் இரண்டு டிக் இருக்கிறது, ஒருவர் அங்கே போய்விட்டு வந்துவிட்டார். உன் கையில்தான் கோளாறு.

பிழையில்லாத ஓட்டத்தை முடித்துவிட்டு, எங்கே பிழை என்று தேடுவது கொடுமை. கிளட்சை இன்னும் கொஞ்சம் முன்னால் விட்டிருக்கலாமோ, மூன்றாவது கியரில் விரல் தாமதித்ததோ, இரண்டாவது கியரில் கிளம்பும் அந்த வித்தை எனக்குத்தான் பிடிபடவில்லையோ என்று எத்தனை மாலைகள் போயிருக்கும். இல்லாத இடத்தைத் தேடிப் போன மாலைகள். ஸ்கோர் பட்டியலில் ஒரு தவறான எண் யாரையும் காயப்படுத்தாது, வெறும் ஆட்டம்தானே என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பட்டியலில் மேலே இருக்கும் எண், கீழே இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமை இவ்வளவுதான் என்று அளந்து சொல்கிறது. அந்த அளவுகோல் தவறாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்கள் தங்களைக் குறைத்து மதிப்பார்கள்.

கோசியலின் ஸ்ப்ரெட்ஷீட் வெளியான பிறகு டிராக்ஸ்டரைக் கையிலெடுத்தவர்கள் பலர். எந்த டிக்கில் என்ன செய்ய வேண்டும் என்பது இப்போது தெரியும், அதை விரலுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் வேலை. விரலுக்கு அது எளிதில் வருவதில்லை. ஒரு டிக் என்பது வினாடியில் முப்பதில் ஒரு பங்கு. பார்த்து அழுத்த நேரம் இல்லை, தாளமாக உடம்பில் ஏற வேண்டும். நூற்றுக்கணக்கான முறை எர்லி, நூற்றுக்கணக்கான முறை ப்ளோன், அப்புறம் 5.67, 5.64, 5.61 என்று படிப்படியாக இறங்கி ஒருநாள் 5.57. எந்தக் கருவியும் இல்லாமல், வெறும் கையால், கேமரா பார்த்துக்கொண்டிருக்க அதை எடுத்தவர்கள் இன்று பலர் இருக்கிறார்கள்.

பட்டியலின் உச்சியில் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தோடு சேர்ந்து நிற்கிறார்கள். அவர்களை இனி யாரும் முந்த முடியாது, அவர்களோடு போய்ச் சேரலாம். 5.61-ல் நிற்பவருக்கு இன்னும் ஒரு டிக் மிச்சம் இருக்கிறது, அந்த டிக் கார்ட்ரிட்ஜுக்குள் உண்மையிலேயே இருக்கிறது.